விசைகளும் தொடுதிரையும் சேர்ந்த போனை எங்களிடமிருந்து எடுக்காதீர்கள்: வன்னியிலிருந்து ஒரு திறந்த மடல்

கைத்தொலைபேசிகளை இறக்குமதி செய்து விநியோகிக்கும் நிறுவனங்களுக்கும், அவற்றுக்கு இணைப்பு வழங்கும் சேவை நிறுவனங்களுக்கும்,

விசைகளும் தொடுதிரையும் ஒன்றாக உள்ள குறைந்த விலைக் கைத்தொலைபேசிகளை இனிமேல் எங்கள் பக்கம் அனுப்பப் போவதில்லை என்று உங்களில் ஒரு நிறுவனம் கடைகளுக்கு அறிவித்திருக்கிறது. கையிருப்பில் உள்ள உதிரிப்பாகங்கள் தீர்ந்தால் மறுபடி வராது என்றும் அதே அறிவித்தலில் உள்ளது. சொல்லப்பட்ட காரணம் ஒரு வரிதான்: வாடிக்கையாளர் கருத்துக் கணிப்பில் இந்த வகைக்கு வரவேற்பு இல்லையாம். மற்ற நிறுவனங்களின் முகவர்களும் அதையே சொல்லிக்கொண்டு வருகிறார்கள். "பட்டன் போன் வைத்திருப்பவர்களை டச் போனுக்கு மாற்றிவிடுங்கள், தரகு தருகிறோம்" என்கிறார்கள். டச் போன் என்று அவர்கள் சொல்வது விசையே இல்லாத, திரை மட்டும் உள்ள போனை. இதைக் கேட்டுக்கொண்டு வாய்மூடி இருக்க என்னால் முடியவில்லை. எவர் பெயரையும் குறிப்பிடாமல் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

நான் இலங்கையின் வடக்கே, வன்னியில் உள்ள புதுக்குடியிருப்பில் கைத்தொலைபேசி திருத்துபவன். விசுவமடு, ஒட்டுசுட்டான், முள்ளியவளை, முல்லைத்தீவுக் கரையோரம் என்று பல இடங்களிலிருந்தும் ஆட்கள் என் மேசைக்கு வருகிறார்கள். போனைக் கழற்றி வைத்துவிட்டு நான் வேலை செய்யும் நேரத்தில் அவர்கள் வாங்கில் இருந்து பேசுவார்கள். எந்த விசை உள்ளே போய்விட்டது, எது பிடிக்கும், எது பிடிக்காது, எவ்வளவு காசு கொடுத்தார்கள், யார் ஏமாற்றினார்கள் என்று எல்லாம் வரும். ஒரு போனைப் பற்றிய பாவனையாளர் கருத்து என்றால் எனக்குத் தெரிந்தவரை அதுதான்.

நீங்கள் நடத்திய கணிப்பை நானும் பார்த்தேன். இணையத்தில் ஒரு படிவம். ஆங்கிலத்திலும் சிங்களத்திலும் கேள்விகள். தமிழில் ஒரு வரிகூட இல்லை. அந்தப் படிவத்தைத் திறப்பதற்கே பெரிய திரையும் நல்ல இணைய வேகமும் உள்ள போன் வேண்டும். இரண்டரை அங்குலத் திரை உள்ள போனில் அது திறக்கவே இல்லை. பாதிப் பக்கம் வந்து நின்றுவிட்டது. அப்படியானால் விசைப் போனைப் பற்றி உங்களுக்குக் கருத்துச் சொன்னவர்கள் யார்? அதை வைத்திருக்காதவர்கள். அவர்களுக்கு அது பிடிக்கவில்லை என்பதை வைத்து, வைத்திருப்பவர்களின் கையிலிருந்து அதைப் பறிக்கிறீர்கள். ஆகவே உங்கள் படிவத்தில் ஏறாத கருத்துகளை இங்கே எழுதுகிறேன். குறைகளையும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனென்றால் குறை சொல்பவர்களும் இந்தப் போனைக் கைவிட ஆயத்தமாக இல்லை.

எந்த வகைப் போனைப் பற்றிப் பேசுகிறேன் என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 2010இல் நோக்கியா எக்ஸ்3-02 வந்தது. மேலே தொடுதிரை, கீழே இலக்க விசைகள். 2011இல் ஆஷா 300 அறிவிக்கப்பட்டது. 2012இல் வந்த ஆஷா 202 இரண்டு சிம் போடக்கூடியது, 2.4 அங்குலத் தொடுதிரை, பன்னிரண்டு விசைகள், பிஎல்-5சி பற்றரி. மீள்குடியேறி வீடு கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இங்கே பலருக்கு முதன்முதலாகக் கைக்கு வந்த நல்ல போன் அந்த வகைதான். இரண்டு சிம் என்பது எங்களுக்கு ஆடம்பரம் அல்ல. ஏ-9 வீதியோரம் ஒரு சேவைக்குச் சிக்னல் இருக்கும், உள்ளே குளத்துப் பக்கம் போனால் மற்றதற்குத்தான் இருக்கும். பிறகு அதே அமைப்பில் வேறு பெயர்களில் மலிவான போன்கள் வந்தன. தரம் கூடியும் குறைந்தும் இருந்தன. ஆனால் அந்த அமைப்பை மக்கள் விடவில்லை. எண் அழுத்த விசை, படம் பார்க்கவும் பெயரைத் தேடவும் திரை. இந்த இரண்டும் ஒன்றாக வேண்டும் என்பதே அவர்கள் கேட்பது.

விசை ஏன் வேண்டும் என்று கேட்கும் முகவர்களுக்கு ஒரு முறை எங்கள் பக்கத்துக் கைகளைக் காட்ட வேண்டும் என்று நினைப்பதுண்டு.

முத்தையன்கட்டுக் குளத்தின் கீழ் வயல் செய்யும் ஒரு பெரியவர் என்னிடம் வருவார். மண்வெட்டி பிடித்துப் பிடித்து உள்ளங்கையும் விரல் நுனிகளும் காய்த்து, கோடைக்கு வெடித்து, தோல் தடித்துப் போயிருக்கிறது. மகன் வாங்கி அனுப்பிய டச் போனை அவர் தொட்டால் திரை அசையாது. அவர் அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டுத் தன்னில்தான் பிழை என்று நினைத்துவிட்டார். பிழை அவரில் இல்லை. இப்போது வரும் திரைகள் மின்கொள்ளளவுத் திரைகள். விரலின் ஈரப்பதமான தோல் திரையின் மின்புலத்தில் உண்டாக்கும் மாற்றத்தை வைத்துத்தான் அவை தொடுகையை அறிகின்றன. காய்ந்து தடித்த தோலில் அந்த மாற்றம் போதாமல் போகிறது. ஆஷா 202 போன்றவற்றில் இருந்தது மின்தடைத் திரை. இரண்டு மெல்லிய படலங்கள் அழுத்தத்தில் ஒன்றையொன்று தொட்டால் அது வேலை செய்யும். நகத்தால் அழுத்தலாம், பேனா மூடியால் அழுத்தலாம், கையுறை போட்டும் அழுத்தலாம். அந்தப் பெரியவர் பேனா மூடியால் தன் பேரப்பிள்ளையின் படத்தைத் திறந்து காட்டியபோது எனக்கு எதையும் விளங்கப்படுத்தத் தேவை இருக்கவில்லை. பழைய தொழில்நுட்பம் என்று நீங்கள் ஒதுக்கிய திரைதான் அவருடைய கைக்குப் பொருந்துகிறது.

நந்திக்கடலில் இறால் பிடிப்பவர்களின் கதை வேறு. கை எப்போதும் ஈரம், உப்புத் தண்ணீர். ஈரம் பட்ட மின்கொள்ளளவுத் திரை தொடாத இடத்தில் தொட்டதாக எண்ணும், தொட்ட இடத்தை அறியாது. அவர்கள் போனைப் பொலித்தீன் பையில் போட்டு முடிச்சிட்டுக் கழுத்தில் தொங்கவிடுவார்கள். பைக்கு மேலாலேயே விசையை அழுத்தி வியாபாரியுடன் விலை பேசுவார்கள். "இருட்டில் தோணிக்குள் நின்று பார்க்காமலே அடிக்கலாம்" என்று ஒரு தாய் சொன்னார். கரையில் நிற்கும் கணவருக்கு எந்த விசையை நீளமாக அழுத்த வேண்டும் என்பது அவருடைய பெருவிரலுக்குத் தெரியும்.

அடுத்ததை எழுதாமல் விட என்னால் முடியாது. 2009இல் எங்கள் மண்ணில் நடந்ததை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதில் உயிர் தப்பியவர்களில் கை இழந்தவர்கள், விரல் இழந்தவர்கள், பார்வை இழந்தவர்கள் இன்றும் எங்கள் ஒவ்வொரு ஊரிலும் இருக்கிறார்கள். என் வாடிக்கையாளர்களில் ஓர் அண்ணனுக்கு வலது கை மணிக்கட்டுக்கு மேலே இல்லை. இடது கையில் பெருவிரலும் இன்னொரு விரலும்தான். டச் போனை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அதே கையால் இழுத்து, விரித்து, தேய்க்க அவரால் முடியாது. மேசையில் வைத்துச் செயற்கைக் கையின் நுனியால் தொட்டால் மின்கொள்ளளவுத் திரை அதை ஒரு கையாகவே ஏற்காது. விசைப் போனை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு பெருவிரலால் எல்லாவற்றையும் செய்கிறார். திரையில் ஏதாவது தெரிவு செய்ய வேண்டுமென்றால் மேசையில் வைத்துச் செயற்கைக் கை நுனியால் மெதுவாக அழுத்துகிறார், அது வேலை செய்கிறது. கோழி வளர்த்து முட்டை விற்கும் அவருடைய தொழில் முழுவதும் அந்தப் போனில்தான் நடக்கிறது. அதன் திரைப் படலம் கிழிந்து அவர் என்னிடம் வந்தபோது உங்கள் அறிவித்தல் வந்துவிட்டது. மாற்றிப் போட என்னிடம் படலம் இல்லை. பழுதான இன்னொரு போனிலிருந்து கழற்றி ஒட்டிக் கொடுத்தேன். அது எவ்வளவு காலம் நிற்கும் என்று எனக்கே தெரியாது.

பார்வை இழந்த ஓர் அம்மாவும் வருவார். ஐந்தாம் இலக்க விசையில் ஒரு சிறு புடைப்பு இருக்கிறது அல்லவா? உங்களில் பலர் அதைக் கவனித்திருக்கவே மாட்டீர்கள். அவருக்கு அந்தப் புள்ளிதான் நடு. அதிலிருந்து மேலே இரண்டு, கீழே எட்டு, இடப்பக்கம் நான்கு, வலப்பக்கம் ஆறு என்று விரல் போய்விடும். டச் போன்களிலும் திரையை வாசித்துச் சொல்லும் வசதி உண்டு, அது தமிழிலும் பேசும் என்பது எனக்குத் தெரியும். அவருக்கு அதைப் போட்டும் காட்டினேன். அமைதியான அறையில் அது நல்லது. பஸ் தரிப்பிடத்தில், சந்தையில், மழை இரைச்சலில் குரல் கேட்காது. விசையைத் தடவிப் பார்க்க இரைச்சல் தடை இல்லை. எது வேண்டும் என்று முடிவு செய்தவர் அவர், நான் அல்ல.

வயதானவர்களிடம் அடிக்கடி கேட்பது அழைப்பை எடுக்கும் சிக்கல். கனடாவிலிருந்தோ சுவிஸிலிருந்தோ பிள்ளை அழைக்கிறது. மணி அடிக்கிறது. திரையில் ஒரு வட்டத்தை ஒரு பக்கமாக இழுக்க வேண்டும். எந்தப் பக்கம் என்பது மாதிரிக்கு மாதிரி வேறு. இழுப்பதற்குள் மணி நின்றுவிடும், அல்லது தவறான பக்கம் இழுபட்டு அழைப்பு துண்டிக்கப்படும். அங்கே பிள்ளை, அம்மாவுக்கு என்ன ஆயிற்றோ என்று பதறிப் பக்கத்து வீட்டுக்கு அழைக்கும். பச்சை விசையை அழுத்தினால் பேசலாம் என்ற ஒன்றுக்காக இந்தப் போனைத் தேடி வருபவர்கள் பலர். ஆனால் அவர்களுக்கே படமும் பார்க்க வேண்டும். வெறும் இலக்க போன் போதாது. பேரப்பிள்ளையின் முகத்தில் விரலை வைக்க ஒரு திரை வேண்டும்.

மின்சாரத்தையும் சொல்ல வேண்டும். 2020 டிசம்பரில் புரவிப் புயல் முல்லைத்தீவுக்கும் திருகோணமலைக்கும் இடையே கரை கடந்தபோது எங்கள் பக்கம் இருளில் கிடந்தது. 2022இல் நாடு முழுவதும் மின்வெட்டு. மார்ச் மாத இறுதியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. அந்த நாட்களில் டச் போன்கள் மாலைக்குள் அணைந்துவிட்டன. விசைப் போன்கள் நாட்கணக்கில் தாக்குப் பிடித்தன. பற்றரி தீர்ந்தாலும் பின்மூடியைக் கழற்றி இன்னொன்றைப் போடலாம். பிஎல்-5சி வகைப் பற்றரி சிறிய வானொலிகளிலும் பயன்படுவதால் எங்கள் ஊர்க் கடைகளில் எளிதாகக் கிடைக்கும். இப்போது நீங்கள் அனுப்பும் டச் போன்களில் பற்றரியை உள்ளே ஒட்டிவிடுகிறீர்கள். அதை மாற்ற வெப்பமூட்டிப் பின்தட்டை உரிக்க வேண்டும். கிராமத்தில் இருக்கும் ஒருவர் அதைத் தானாகச் செய்ய முடியாது.

இனி, மக்கள் சொல்லும் குறைகள். இவற்றை உங்கள் பொறியியலாளர்கள் கேட்டிருந்தால் நல்ல போன் செய்திருக்கலாம், நிறுத்த வேண்டி வந்திராது.

முதலாவது விசைத் தட்டு. எங்கள் உள்வீதிகள் பல இன்னும் கிரவல் வீதிகள். கோடையில் பஸ் ஒன்று போனால் செம்புழுதி எழும்பி எல்லாவற்றிலும் படியும். பழுதான ஒரு போனைத் திறந்து, விசை ரப்பரைத் தூக்கினால், அடியில் இருக்கும் சிறு உலோகக் குமிழ்களைச் சுற்றி அந்தச் செம்புழுதி வியர்வையோடு சேர்ந்து பசையாகப் படிந்திருக்கும். கடற்கரை ஆட்களின் போன்களில் அதே இடத்தில் பச்சைக் களிம்பு. சுத்திகரிக்கும் திரவத்தைப் பல் தூரிகையில் தொட்டுத் தேய்த்துக் கழுவி, காயவைத்து, குமிழ்த் தாளைப் புதிதாக ஒட்டினால் விசை மறுபடி வேலை செய்யும். மலிவான ஒரு தாள்தான் அது. அந்தத் தாளைத்தான் நீங்கள் நிறுத்துகிறீர்கள். விசையைச் சுற்றி ஒரு மெல்லிய ரப்பர் விளிம்பு வைத்துச் செய்தால் புழுதியே உள்ளே போகாது. பட்டப்படிப்பு இல்லாத எனக்கே விளங்கும் இந்த மாற்றத்தை இத்தனை ஆண்டுகளில் யாரும் செய்யவில்லை.

இரண்டாவது, சட்டைப் பைக்குள் இருக்கும்போது திரை தானாக அழுத்துப்பட்டு யாருக்காவது அழைப்புப் போய்விடுவது. ரீலோட் போட்ட காசு அதில் கரைகிறது. பக்கத்தில் ஒரு பூட்டு விசை வைத்த மாதிரிகளில் இந்த முறைப்பாடு வருவதில்லை. திரையின் அளவு சிறியது என்பதும் குறைதான், ஆனால் அதை யாரும் பெரிதாகச் சொல்வதில்லை. ஒலி போதாது, வயலில் உழவு இயந்திரத்துக்குப் பக்கத்தில் நின்றால் மணி கேட்பதில்லை என்பதைத்தான் அதிகம் சொல்கிறார்கள்.

மூன்றாவது பெரியது. ஆஷா 202 போன்ற, எஸ்40 என்ற மென்பொருளில் இயங்கும் நோக்கியா போன்களில் வாட்ஸ்அப் 2018 டிசம்பர் 31உடன் நின்றது. அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டே கொரோனா வந்து பாடசாலைகள் மூடப்பட்டன. பாடக் குறிப்புகள் வாட்ஸ்அப்பில் வந்தன. வீட்டில் இருந்த ஒரே போன் அந்த வகையாக இருந்த பிள்ளைகள் பக்கத்து வீட்டு முற்றத்தில் போய் இருந்து பாடம் பிரதி பண்ணினார்கள். தாய்மார் நகையை அடகு வைத்து டச் போன் வாங்கிய காலம் அது. இதற்கிடையில் கைஓஎஸ் என்ற மென்பொருளோடு விசைப் போன்களில் 4ஜியும் வாட்ஸ்அப்பும் வந்தன. மக்கள் மூச்சு விட்டார்கள். 2024இல் புதிதாகத் தரவிறக்கும் வழி அங்கும் மூடப்பட்டது. இந்தக் கதவுகளை மூடியது நீங்கள் அல்ல என்பது எனக்குத் தெரியும். ஆனால் விசைப் போனுக்கு வரவேற்பு இல்லை என்று சொல்லும்போது, அதில் வேலை செய்த வசதிகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்பட்டதையும் சேர்த்துச் சொல்லுங்கள். விசைகள் வேண்டாமென்று எவரும் என் மேசையில் சொன்னதில்லை. வாட்ஸ்அப் வேலை செய்யவில்லை என்றுதான் சொன்னார்கள்.

நான்காவது குறை தமிழ். மலிவான மாதிரிகள் சிலவற்றில் தமிழ்ச் செய்தி வந்தால் வெறும் சதுரப் பெட்டிகளாகத் தெரிகிறது. அதை வைத்திருப்பவர் என்னிடம் கொண்டுவந்து "இதில் என்ன எழுதியிருக்கிறது?" என்று கேட்டால், எனக்கும் பெட்டிதான் தெரியும்.

இதோடு சேவை நிறுவனங்களிடம் நேரே கேட்க வேண்டிய ஒன்று இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதும் குறுஞ்செய்தி ஒன்றில் 160 எழுத்துகள் அடங்கும். தமிழில் எழுதினால் ஒருங்குறி (யூனிகோட்) முறையில் போவதால் 70தான். அதிலும் எங்கள் எழுத்து ஒன்று ஒன்றாக எண்ணப்படுவதில்லை. "கு" என்றால் இரண்டு, "க்" என்றாலும் இரண்டு. 2018 டிசம்பர் வெள்ளத்தில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்பட்டதும், கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வீடுகளும் வயல்களும் நீரில் மூழ்கியதும் நாடறிந்தது. அப்படி ஒரு வேளையில் அயலவருக்கு இப்படி ஒரு செய்தி அனுப்புவதாக வைத்துக்கொள்ளுங்கள்: "இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறக்கப்படவுள்ளன. தாழ்நிலத்திலுள்ளோர் அவதானமாக இருக்கவும்." எண்ணிப் பாருங்கள். "தாழ்நிலத்திலுள்ளோர்" என்ற சொல்லுக்குப் பின்னால் வரும் இடைவெளியோடு 70 முடிந்துவிடுகிறது. "அவதானமாக இருக்கவும்" என்பது அதற்கு மேல் போவதால் இது இரண்டு செய்தியாக எண்ணப்படுகிறது. இரண்டுக்கும் தனித்தனிக் கட்டணம். இணையம் இல்லாத விசைப் போன்காரருக்குக் குறுஞ்செய்திதான் கடிதம். தன் மொழியில் எழுதுவதற்காக அவர் இரட்டிப்புக் காசு கொடுக்கிறார். பலர் அதனால்தான் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதிப் பழகிவிட்டார்கள். எழுதத் தெரியாதவர்கள் எழுதுவதையே விட்டுவிட்டார்கள்.

டச் போனுக்கு மாறினால் எல்லாம் தீரும் என்பீர்கள். கணக்குப் பார்ப்போம். 2025 பெப்ரவரியில் அரசாங்கம் அறிவித்த நெல் கொள்வனவு விலை நாட்டரிசி நெல்லுக்கு ஒரு கிலோ 120 ரூபாய். 30,000 ரூபாய் போன் ஒன்றுக்கு 250 கிலோ நெல் விற்க வேண்டும். உரம், எண்ணெய், வெட்டுக்கூலி எல்லாம் போன பிறகு மிஞ்சுவதிலிருந்து இதை எடுக்க வேண்டும். கீழே ஒரு முறை விழுந்தால் திரை உடையும். திரை மாற்றும் செலவு போனின் விலையில் பெரும் பங்கைத் தின்னும். இந்தச் சுமையை ஒரு குடும்பம் விரும்பி ஏற்றால் அது அவர்கள் முடிவு. வேறு வழி இல்லாமல் ஏற்க வைப்பது முறையல்ல. ஒரு காலத்தில் எரிபொருளுக்குக் கியூஆர் முறை வந்தபோது, டச் போன் இல்லாதவன் பெற்றோல் அடிக்க முடியாது என்று எங்கள் பக்கம் பலர் பயந்தார்கள். கடைசியில் அந்தக் குறியைத் தாளில் அச்சிட்டுப் பொலித்தீன் உறை போட்டு மோட்டார் சைக்கிளில் கொண்டு திரிந்தோம். குறி கேட்ட இடத்தில் தாள் போதுமாக இருந்தது. மனம் இருந்தால் இருப்பதைக் கொண்டே வழி செய்யலாம் என்பதை 2022இல் நாடே பார்த்தது.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. நீங்கள் முறைப்படி கொண்டுவருவதை நிறுத்தினால் தேவை நிற்காது. பயணிகளின் பைகளில் வரும் பதிவில்லாத போன்கள் சந்தைக்கு வரும். பதிவில்லாத போன்களுக்கு இணைப்புக் கிடைக்காது என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு 2025 தொடக்கத்தில் அறிவித்திருக்கிறது. IMEI என்று எழுதி, இடைவெளி விட்டு, *#06# அழுத்தினால் வரும் போனின் 15 இலக்க அடையாள எண்ணைச் சேர்த்து 1909க்குக் குறுஞ்செய்தியாக அனுப்பிச் சரிபார்க்கும் வழி உண்டு. நான் வாடிக்கையாளர்களுக்கு அதைச் செய்து காட்டுகிறேன். ஆனால் கடையில் முறையான போன் இல்லாதபோது, சந்தையில் யாரோ விற்பதை வாங்கிவிட்டு, பிறகு இணைப்பு இல்லை என்று அந்த ஏழை மனிதர் என் முன்னால் வந்து நிற்பார். அவருக்கு நான் என்ன சொல்வது?

4ஜி வந்துவிட்டது, பழைய அலைவரிசைகள் ஒரு நாள் போகும் என்பதை நான் மறுக்கவில்லை. உலகெங்கும் 3ஜி நிறுத்தப்பட்டு வருகிறது. அதற்கு விசையை ஒழிக்க வேண்டிய அவசியம் என்ன? 4ஜி வழியாகவே குரல் அழைப்புப் போகும் வோல்ட்டி வசதியோடு விசைப் போன் செய்யலாம், உலகச் சந்தையில் அவை இருக்கின்றன. சில மலிவான போன்களில் 4ஜி என்று பெட்டியில் எழுதியிருக்கும், வோல்ட்டி இருக்காது. அழைப்பு எடுக்க அவை பழைய அலைவரிசைக்கே திரும்பும். அது மூடப்படும் நாளில் அந்தப் போனால் பேச முடியாது. வாங்குபவருக்கு இதை எவரும் சொல்வதில்லை. பெட்டியில் தமிழில் எழுதப்படுவதும் இல்லை.

ஆகவே நான் கேட்பவை இவை.

இறக்குமதி நிறுவனங்கள் கடைகளுக்கு அனுப்பிய அறிவித்தலை மீளப் பெற வேண்டும். விசைகளும் தொடுதிரையும் சேர்ந்த ஒரு மாதிரியாவது, இரண்டு சிம்மும் 4ஜியும் வோல்ட்டியும் கழற்றக்கூடிய பற்றரியும் உள்ளதாக, வன்னியின் நான்கு மாவட்டங்களிலும் தொடர்ந்து கிடைக்க வேண்டும். அதன் திரை நகத்துக்கும் பேனா மூடிக்கும் செயற்கைக் கைக்கும் வேலை செய்ய வேண்டும். ஐந்தாம் விசையில் புள்ளி இருக்க வேண்டும். தமிழ்ச் செய்தியைப் பெட்டிகளாகக் காட்டும் எந்தப் போனையும் வடக்கு, கிழக்கில் விற்காதீர்கள்.

ஏற்கனவே விற்ற போன்களுக்கான குமிழ்த் தாள், தொடுபடலம், பற்றரி, சார்ஜர் முனை ஆகிய நான்கையும், கடைசிப் போன் விற்ற நாளிலிருந்து ஐந்து ஆண்டுகளுக்காவது எங்களைப் போன்ற சிறு கடைகளுக்கு நேரடியாக விற்க வேண்டும். உத்தரவாதக் காலத்தில் பழுதான போனைக் கொழும்புக்கு அனுப்பி வாரக்கணக்கில் காக்க வைக்காமல், கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ வவுனியாவிலோ திருத்துவதற்கு ஓர் ஏற்பாடு செய்யுங்கள்.

சேவை நிறுவனங்களிடம் கேட்பது: தமிழ்க் குறுஞ்செய்திக்கும் ஆங்கிலக் குறுஞ்செய்திக்கும் ஒரே நீளத்துக்கு ஒரே கட்டணம் வையுங்கள். 70 எழுத்தில் வெட்டுவது தொழில்நுட்பத்தின் எல்லை. அந்த எல்லைக்குக் காசு வாங்குவது உங்கள் தெரிவு. எந்தப் பழைய அலைவரிசையையும் எங்கள் பகுதியில் மூடுவதற்கு முன்னர், எந்தெந்தப் போன்கள் வேலை செய்யாமல் போகும் என்பதைத் தமிழில், குரல் அழைப்பு வழியாகவும், பிரதேச செயலகங்களின் அறிவித்தல் பலகைகள் வழியாகவும் அறிவியுங்கள். மாற்றுப் போன் எங்கள் கடைகளில் கிடைக்கும் வரை மூடாதீர்கள்.

கருத்துக் கணிப்பை மறுபடி நடத்துங்கள். இம்முறை தமிழில் கேளுங்கள், நேரில் வந்து கேளுங்கள். வயலில், தோணித் துறையில், மாற்றுத்திறனாளிகள் கூடும் இடத்தில் கேளுங்கள். வருபவர்களுக்கு என் கடை வாங்கில் இடம் இருக்கிறது. அந்த அண்ணனின் போனையும் பெரியவரின் போனையும் அவர்கள் அனுமதியோடு திறந்து காட்டுவேன்.

இதற்கான பதிலைத் தமிழில், எழுத்தில், கடைகளுக்கு அறிவித்தல் அனுப்பிய அதே வழியில் அனுப்புங்கள். உதிரிப்பாகங்களுக்கான பதில் மற்றவற்றுக்கு முன் வர வேண்டும். கையிருப்பு இப்போதே முடிந்துகொண்டிருக்கிறது.

இப்படிக்கு,
கைத்தொலைபேசி திருத்துநர் ஒருவர்,
புதுக்குடியிருப்பு, முல்லைத்தீவு மாவட்டம்.